அடுப்படியில் கேட்ட விவாதம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களைப் பிரித்துப் பார்த்தபோது, உரமானியம் பற்றி இரண்டும் காணி உறுதி பற்றி ஒன்றும் தவிர, மிகுதி எல்லாமே தொலைக்காட்சியில் நடக்கும் தேர்தல் விவாதங்களைப் பற்றியவையாக இருந்தன. அந்த மூன்றையும் அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, விவாதக் கடிதங்களில் எட்டை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டேன். எழுதியவர்களின் பெயர்களை விட்டு ஊரை மட்டும் குறித்திருக்கிறேன். தேர்தல் காலத்தில் அதுவே நல்லது.

கேள்வி: எங்கள் வீட்டில் ஐந்து பேர் ஒன்றாக அமர்ந்து ஒரே விவாதத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை பார்த்தோம். முடிந்ததும் மாமா ஒருவர் வென்றார் என்கிறார், என் கணவர் மற்றவர் வென்றார் என்கிறார், மைத்துனர் இருவருமே தோற்றார்கள் என்கிறார். நாங்கள் ஒரே நிகழ்ச்சியைத்தான் பார்த்தோமா என்ற ஐயம் எனக்கு வந்துவிட்டது. (ஆசிரியை ஒருவர், களுவாஞ்சிக்குடி)

பதில்: ஒரே நிகழ்ச்சியைத்தான் பார்த்திருக்கிறீர்கள், ஆனால் ஒரே இடத்திலிருந்து பார்க்கவில்லை. நம் பக்கத்துக் கண்ணகி அம்மன் கோயில்களோடு சேர்ந்து வந்த கொம்பு முறி விளையாட்டை உங்கள் மாமா அறிந்திருப்பார். ஊர் வடசேரி என்றும் தென்சேரி என்றும் இரண்டாகப் பிரிந்து, இரண்டு கொம்புகளையும் ஒன்றோடொன்று கொளுவி, ஒன்று முறியும்வரை இழுக்கும். முறிந்த பக்கத்தை மற்றப் பக்கம் பாட்டிலேயே வசைபாடும். ஆனால் தென்சேரிக் கொம்பு முறிந்துவிட்டது என்பதற்காகத் தென்சேரியான் எவனும் மறுநாள் வடசேரிக்குப் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. சேரி முதலில் வருகிறது, கொம்பு பிறகுதான் வருகிறது. தேர்தல் விவாதம் பார்ப்பவர்களில் பெரும்பாலோரும் அப்படித்தான் வந்து அமர்கிறார்கள். தம்முடைய ஆள் திணறினால் நடுவர் பக்கச்சார்பானவர் என்றும், மற்ற ஆள் திணறினால் சரக்கு அவ்வளவுதான் என்றும் சொல்வதற்கான வாக்கியங்கள் தொடக்க இசை முடிவதற்கு முன்னமே தயாராகிவிடுகின்றன.

ஆயினும் இதோடு நிறுத்திக்கொண்டால் உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில்தான் கிடைக்கும், ஏனென்றால் விவாதம் பார்ப்பவர் திரையை மட்டும் பார்ப்பதில்லை, பக்கத்தில் இருப்பவரையும் பார்க்கிறார். 1984 ஆம் ஆண்டு அமெரிக்க ஜனாதிபதி ரொனால்ட் ரீகனுக்கு வயது 73, அவரை எதிர்த்த வோல்ட்டர் மொண்டேலுக்கு 56. விவாதத்தில் வயதைப் பற்றிக் கேட்டபோது, எதிராளியின் இளமையையும் அனுபவமின்மையையும் அரசியல் இலாபத்துக்குப் பயன்படுத்த மாட்டேன் என்று ரீகன் சொல்லப்போக, அரங்கம் சிரித்தது, மொண்டேலும் சிரித்தார். பின்னாளில் உளவியல் ஆய்வாளர்கள் அந்த விவாதத்தின் ஒளிப்பதிவில் பகிடிகளை அப்படியே விட்டு, அரங்கத்தின் சிரிப்பையும் கைதட்டலையும் மட்டும் நீக்கி ஒரு குழுவினருக்குக் காட்டினார்கள். அந்தக் குழுவினர் ரீகனுக்குக் கொடுத்த மதிப்பீடு வெகுவாகக் கீழே இறங்கியது. அதே மனிதர், அதே சொற்கள், இல்லாமற் போனது மற்றவர்களின் சிரிப்பு மட்டுமே.

ஆகையால் அடுத்த முறை உங்கள் வீட்டில் முதலில் சிரிப்பவர் யார், அவரைத் தொடர்ந்து சிரிப்பவர் யார் என்று ஒரு கண் வைத்துப் பாருங்கள். அந்த வீட்டின் தேர்தல் தொகுதி வரைபடமே உங்களுக்குக் கிடைத்துவிடும். நீங்கள் யார் வென்றதாக நினைத்தீர்கள் என்பதை உங்கள் கடிதம் சொல்லவில்லை என்பதையும் கவனித்தேன்.

கேள்வி: முக்கியமான விவாதங்கள் சிங்களத்தில் நடக்கின்றன. நாங்கள் தமிழ் மொழிபெயர்ப்புக் குரலில் கேட்கிறோம். சிங்களம் தெரிந்த என் நண்பர் விழுந்து விழுந்து சிரிக்கும் இடத்தில் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. நான் வேட்பாளரை மதிப்பிடுகிறேனா, மொழிபெயர்ப்பாளரை மதிப்பிடுகிறேனா? (அக்கரைப்பற்று)

பதில்: வந்த கடிதங்களில் என்னை அதிக நேரம் யோசிக்க வைத்தது உங்களுடையதுதான். சிங்களத்துக்கும் தமிழுக்கும் வாக்கிய அமைப்பு பெரும்பாலும் ஒன்றே. எழுவாய் முன்னே வரும், வினை கடைசியில் வரும். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவருபவர் வாக்கியத்தைத் தலைகீழாகப் புரட்ட வேண்டியிருக்க, சிங்களத்திலிருந்து கொண்டுவருபவர் சொல்லுக்குச் சொல் கூடவே நடந்து வரலாம். எனவே சில விநாடிகள் பிந்துவதைத் தவிர, கருத்து பெரும்பாலும் முழுதாகவே வந்து சேர்ந்துவிடும். வந்து சேராதது தொனிதான்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். சிங்களத்தில் எதிராளியை 'ஒபதுமா' என்று அழைப்பதற்கும், 'எயா' என்று சுட்டுவதற்கும், பெயருக்குப் பின்னால் 'மஹத்தயா' என்று சற்று இழுத்துச் சொல்வதற்கும் இடையில் பெரிய தூரம் இருக்கிறது. கடைசியில் சொன்னது மரியாதையாகவும் இருக்கலாம், கடும் கிண்டலாகவும் இருக்கலாம். அதைக் குரலின் வளைவுதான் தீர்மானிக்கும். மொழிபெயர்ப்பாளருக்கோ வேலை போகக் கூடாது, வழக்கு வரக் கூடாது. ஆகவே மூன்றையும் 'அவர்கள்' என்று ஒரே தட்டில் வைத்துத் தந்துவிடுவார். சிங்களத்தில் ஒருவர் மற்றவரைக் கன்னத்தில் அறைந்திருப்பார், நமக்கு அது கைகுலுக்கலாக வந்து சேர்ந்திருக்கும். உங்கள் நண்பர் சிரித்தது அந்த அறையைப் பார்த்து.

இரண்டாவது, குரல். இரண்டு வேட்பாளர்களுக்கும் ஒரே மொழிபெயர்ப்பாளர் என்றால், கோபக்காரரும் அமைதியானவரும் ஒரே தொண்டையில் பேசுகிறார்கள். இருவரும் ஒரே நேரத்தில் குறுக்கிட்டுப் பேசும்போது அவர் ஒருவரை விட்டுவிட வேண்டியிருக்கும். விடப்பட்டவர் பதில் சொல்லவில்லை என்று நாம் முடிவு கட்டுவோம். நான் ஒருமுறை அப்படி முடிவு கட்டி, ஊரெல்லாம் சொல்லித் திரிந்து, பிறகு சிங்களம் படித்த மருமகனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அந்த வேட்பாளர் பதில் சொல்லியிருந்தார், அதுவும் அன்றைய இரவின் மிகத் தெளிவான பதில் அதுவேயாம்.

இதில் நட்டம் மட்டும்தானா என்று கேட்டால், அப்படியும் சொல்ல மாட்டேன். மேடைப் பேச்சின் இனிப்பு வடிந்துபோன பிறகு கையில் எஞ்சுவது என்ன என்பதைத் தமிழில் கேட்பவர்தான் முதலில் காண்கிறார். கைதட்டல் வாங்கிய ஒரு வாக்கியம் தமிழில் வெறும் காற்றாக வந்து விழுந்தால், அது மொழிபெயர்ப்பாளரின் குற்றமாக இருக்கலாம், உள்ளேயே காற்று மட்டும் இருந்ததாகவும் இருக்கலாம். எது என்று அறிய அந்தச் சிரித்த நண்பரைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு, சிரித்த இடத்தை அவரையே தமிழில் சொல்லச் சொல்லுங்கள். அவராலும் சொல்ல முடியாவிட்டால் விடை கிடைத்துவிட்டது. 1987 இல் 13 ஆவது திருத்தத்தின் மூலம் தமிழும் அரசகரும மொழியாக்கப்பட்ட ஒரு நாட்டில், ஜனாதிபதியாக வர விரும்புபவரிடம் கேள்வி ஒன்றாவது தமிழில் கேட்கப்பட்டு, அதை அவர் எவ்வாறு எதிர்கொள்கிறார் என்று பார்க்க நமக்கும் ஆசை இருக்காதா என்பது என் தனிப்பட்ட அங்கலாய்ப்பு.

கேள்வி: விவாதம் முடிந்தவுடன் குறுஞ்செய்தி அனுப்பச் சொல்லி வாக்கெடுப்பு நடத்துகிறார்கள். ஒருவருக்கு நூற்றுக்கு எண்பது வந்தது. அவரே வெல்வார் என்று எடுத்துக்கொள்ளலாமா? (நிந்தவூர்)

பதில்: வேண்டாம், சகோதரரே. 1980 இல் ரீகனும் ஜிம்மி கார்ட்டரும் விவாதித்த இரவில், அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனமொன்று, அழைப்பு ஒன்றுக்கு 50 சதம் கட்டணத்தில் நேயர்களைத் தொலைபேசியில் தீர்ப்புச் சொல்ல அழைத்தது. ஏறத்தாழ 7 இலட்சம் அழைப்புகள் வந்தன. இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் ரீகனே வென்றார் என்றது முடிவு. தேர்தலிலும் ரீகன் வென்றார்தான், ஆனால் வாக்குகள் நூற்றுக்கு ஏறத்தாழ 51 க்கு 41 என்றே பிரிந்தன. அழைத்தவர்கள் நாட்டு மக்கள் அல்லர், காசு கொடுத்து அழைக்குமளவு ஆவேசம் கொண்டவர்கள். உங்கள் ஊர்க் கடற்கரையில் வாடி போட்டிருக்கும் ஒருவரிடம் மட்டும் மீன் விலையைக் கேட்டுவிட்டு, மாவட்டத்தின் சந்தை நிலவரம் இதுவென்று எழுதினால் என்ன ஆகும்? அதைவிடவும் மோசம் இது, ஏனென்றால் ஒரே ஆள் நான்கு சிம் அட்டைகளில் நான்கு முறை தீர்ப்புச் சொல்லலாம்.

கேள்வி: எத்தனை விவாதம் பார்த்தாலும் மயிலத்தமடு மேய்ச்சல் தரையைப் பற்றியோ, இரவில் ஊருக்குள் வரும் யானையைப் பற்றியோ, கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்தைப் பற்றியோ யாரும் வாய் திறப்பதில்லை. பார்க்கப் பார்க்க எரிச்சல்தான் மிஞ்சுகிறது. (விவசாயி ஒருவர், திருக்கோவில்)

பதில்: ஐயா, உங்கள் எரிச்சல் நியாயமானது. ஆனால் அது சேர வேண்டிய முகவரி வேட்பாளர் மட்டுமல்ல. விவாதத்தில் பேசப்படுவதை விவாதிப்பவர் தீர்மானிப்பதில்லை, கேள்வித்தாளைத் தயாரிப்பவரே தீர்மானிக்கிறார். கொழும்புக் கலையகத்தில் இரண்டு மணித்தியாலத்துக்கு நான்கைந்து பேரை அமர்த்தினால், விளம்பரமும் வரவேற்பும் போக ஒருவருக்குக் கிடைப்பது இருபது நிமிடத்துக்குச் சற்றுக் கூடவோ குறையவோதான் இருக்கும். அதற்குள் கடன், வரி, எரிபொருள், ஊழல் ஆகியன முன்வரிசையில் அமர்ந்துவிடும். மயிலத்தமடு மேய்ச்சல் தரைக்காக 2023 செப்டம்பரில் வீதிக்கு இறங்கிய பண்ணையாளர்கள் நாட்கணக்கில், மாதக்கணக்கில் தொடர்ந்து அமர்ந்திருந்தும், அந்த வரிசையில் அவர்களுக்கு ஒரு கதிரை கிடைக்கவில்லை. கல்முனை விடயத்தைப் பொறுத்தவரை மௌனத்துக்கு வேறொரு காரணமும் உண்டு. அதைத் தனிப் பிரதேச செயலகமாகத் தரமுயர்த்துவதா என்ற கேள்விக்கு எந்தப் பதிலைச் சொன்னாலும் தமிழரிலோ முஸ்லிம்களிலோ ஒரு பகுதி வாக்கு கைநழுவும் என்பது மேசையில் அமர்ந்திருக்கும் அனைவருக்கும் தெரியும். ஆகவே கேட்காமலிருப்பதில் கேட்பவருக்கும் பேசுபவருக்கும் எழுதாத உடன்படிக்கை ஒன்று இருக்கிறது.

பாராளுமன்றத் தேர்தலில் இன்னொரு சிக்கலையும் நம்மவர்கள் கவனிக்கத் தவறுகிறார்கள். மட்டக்களப்புக்கு 5 ஆசனங்கள், உங்கள் அம்பாறை மாவட்டமான திகாமடுல்லைக்கு 7. ஆசனத்தோடு மூன்றைக் கூட்டினால் வருவதே பட்டியலில் இடம்பெறும் வேட்பாளர் தொகை. அதாவது மட்டக்களப்பில் ஒரு கட்சிக்கு 8 பேர், அங்கே 10 பேர். கட்சிக்கு விழும் வாக்கு ஆசன எண்ணிக்கையைத் தரும், பட்டியலில் யார் உள்ளே போவது என்பதை மூன்று விருப்பு வாக்குகள் தீர்மானிக்கும். ஆகவே உண்மையான குத்துவெட்டு ஒரே பட்டியலில் இருக்கும் எட்டுப் பேருக்குள்ளோ பத்துப் பேருக்குள்ளோதான் நடக்கிறது. தொலைக்காட்சியோ ஒரு கட்சிக்கு ஒருவர் என்று அழைத்து, கட்சிக்கும் கட்சிக்கும் இடையிலான சண்டையை மட்டும் காட்டுகிறது. உங்கள் விருப்பு வாக்குக்கு உதவக்கூடிய விவாதத்தை, அதாவது ஒரே பட்டியலைச் சேர்ந்த மூவரைப் பக்கத்தில் பக்கத்தில் அமர்த்தி யானை வேலியைப் பற்றிக் கேட்கும் விவாதத்தை, எந்த அலைவரிசையும் நடத்தி நான் பார்க்கவில்லை. கட்சித் தலைமைகள் அதற்கு ஒருபோதும் உடன்படா.

அதை நடத்தக்கூடிய இடம் உங்கள் ஊர் வாசிகசாலை மண்டபம். கமக்காரர் அமைப்பு அழைத்தால் வேட்பாளர் வருவார், ஏனென்றால் அங்கே அவர் எண்ணுவது நேயர்களை அல்ல, வாக்குகளை. கேள்வித்தாளையும் நீங்களே தயாரிக்கலாம். இரண்டு கேள்விகள் போதும். மூன்றாவதைக் கேட்டால் அவர் முதலாவதிலிருந்து தப்பிவிடுவார்.

கேள்வி: நான் முழு விவாதத்தையும் பார்ப்பதில்லை. மறுநாள் காலையில் முகநூலிலும் டிக்டொக்கிலும் வரும் அரை நிமிடத் துண்டுகளைப் பார்த்தே யார் எப்படி என்று தெரிந்துகொள்கிறேன். இதில் என்ன தவறு? (பல்கலைக்கழக மாணவர், மட்டக்களப்பு)

பதில்: தவறு என்று சொல்லமாட்டேன் தம்பி. ஆனால் நீங்கள் பார்ப்பது விவாதத்தை அல்ல, விவாதத்தின் மேல் எழுதப்பட்ட தீர்ப்பை. இது டிக்டொக் கொண்டுவந்த வழக்கம் என்று என் வயதுக்காரர்கள் புலம்புவார்கள், அதுவும் சரியல்ல.

1976 ஒக்டோபர் 6 ஆம் திகதி, அமெரிக்க ஜனாதிபதி ஜெரால்ட் ஃபோர்ட், கார்ட்டருடனான விவாதத்தில், கிழக்கு ஐரோப்பாவில் சோவியத் ஆதிக்கம் இல்லை என்று சொல்லிவிட்டார். போலந்திலும் கிழக்கு ஜேர்மனியிலும் சோவியத் படைகள் நிலைகொண்டிருந்த காலம் அது. இன்று அதைப் படிக்கும் எவருக்கும், அந்த நொடியிலேயே பார்வையாளர்கள் தலையில் கை வைத்திருப்பார்கள் என்று தோன்றும். நடந்தது அதுவல்ல. விவாதம் முடிந்த கையோடு ஃபோர்ட்டின் தரப்பினரே எடுத்த கருத்துக்கணிப்பில் அவருக்குப் பெரிய சேதம் எதுவும் தெரியவில்லை, அவரே நன்றாகச் செய்தார் என்றவர்களும் நிறையப் பேர் இருந்தார்கள். மறுநாள் செய்திகளும் பத்திரிகைகளும் அந்த ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்ப எடுத்துப் போட்ட பிறகு, மாலையில் கேட்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் கார்ட்டரே வென்றார் என்றார்கள். இடைப்பட்ட ஒரு பகலில் ஃபோர்ட் புதிதாக எதையும் சொல்லவில்லை.

அதன் இன்னொரு வடிவம் திரையிலேயே ஓடும் கோடு. சில நாடுகளில், தெரிவுசெய்யப்பட்ட சிலர் கையிலிருக்கும் பொத்தானைத் திருக, அவர்களின் விருப்பு வெறுப்பு ஏறி இறங்கும் கோடாகத் திரையின் அடியில் நெளியும். 2010 இல் பிரித்தானிய ஆய்வாளர்கள் தலைவர்களின் இறுதி விவாதத்தின்போது, 150 பேரை இரண்டாகப் பிரித்து, தாங்களே இட்டுக்கட்டிய கோடுகளை உண்மையானவை போலக் காட்டினார்கள். ஒரு பகுதியினருக்கான கோடு அப்போதைய பிரதமர் கோர்டன் பிரவுனைத் தூக்கியது, மற்றதன் கோடு லிபரல் ஜனநாயகக் கட்சித் தலைவர் நிக் கிளெக்கைத் தூக்கியது. யார் வென்றார் என்பதில் மட்டுமல்ல, யார் பிரதமராக வரவேண்டும் என்பதிலும் இரு பகுதியினரும் கோடு காட்டிய வழியிலேயே சாய்ந்தார்கள். நீங்கள் காலையில் பார்க்கும் துண்டின் அடியில் சிரிக்கும் முகங்களும் நெருப்புப் படங்களும் ஆயிரக்கணக்கில் குவிந்திருக்குமே, அவையும் ஒரு கோடுதான், நெளிவதில்லை என்பதைத் தவிர.

துண்டையே பார்ப்பதென்றால், அதற்கு முந்திய ஒரு நிமிடத்தைத் தேடிப் பாருங்கள். பதில் எவ்வளவு சாதுரியமானது என்பது கேள்வியைக் கேட்ட பிறகுதான் விளங்கும். துண்டு வெட்டுபவர் முதலில் வெட்டி எறிவதும் அந்தக் கேள்வியைத்தான்.

கேள்வி: விவாதம் தொடங்கினால் என் கணவரும் என் அண்ணனும் ஒருவரையொருவர் ஏசிக்கொண்டு, கடைசியில் சாப்பிடாமலே எழும்பிப் போகிறார்கள். இருவருக்கும் சோறு போட வேண்டியது நான். என்ன செய்வது? (வாழைச்சேனை)

பதில்: சகோதரி, மேலே சொன்ன அதே 1976 ஆம் ஆண்டின் முதலாவது விவாதத்தில் ஒலிக்கருவி பழுதடைந்து, ஜனாதிபதியும் அவரை எதிர்த்தவரும் 27 நிமிடங்கள் ஒரு வார்த்தையும் பேசாமல், தத்தம் மேடைக்குப் பின்னால் கம்பம் போல் நின்றார்கள். கோடிக்கணக்கானோர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், யாரும் யாரையும் ஏசியதாகத் தெரியவில்லை. தொலைவியக்கி உங்கள் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். சோற்றை விவாதத்துக்கு முன்பே போட்டுவிடுங்கள். மச்சானும் மச்சானும் தேர்தல் முடிந்த மறுவாரம் சேர்ந்துகொள்வார்கள், ஆறிய மீன் குழம்புதான் திரும்ப வராது.

கேள்வி: விவாதத்துக்கு வராமல் ஒளிபவர்களை மக்கள் ஏன் தண்டிப்பதில்லை? வெற்றுக் கதிரையைப் பார்த்த பிறகும் வாக்குப் போடுகிறார்களே! (ஓய்வுபெற்ற அலுவலர், செங்கலடி)

பதில்: தண்டிக்கத்தான் இல்லை. 2019 ஒக்டோபரில் குடிசார் அமைப்புகளின் கூட்டான மார்ச் 12 இயக்கம் கொழும்பில் ஜனாதிபதி வேட்பாளர்களை ஒரே மேடைக்கு அழைத்தபோது கோட்டாபய ராஜபக்ஷ வரவில்லை. நவம்பரில் அவரே நூற்றுக்கு 52 க்கு மேல் பெற்று வென்றார். நமது இரண்டு மாவட்டங்களும் அவருக்கு வாக்களிக்கவில்லை என்பது வேறு, ஆனால் அது வெற்றுக் கதிரைக்காக என்று சொன்னால் நானே நம்பமாட்டேன். வெல்லும் குதிரை என்று தன்னை எண்ணுபவருக்கு விவாதத்தில் கிடைக்கக்கூடியது சிறிது, இழக்கக்கூடியது பெரிது. அந்தக் கணக்குத் தெரிந்த ஆலோசகர்கள் எல்லாக் கட்சியிலும் இருக்கிறார்கள்.

2024 இன் நடுப்பகுதியில் சஜித் பிரேமதாசவுக்கும் அநுர குமார திசாநாயக்கவுக்கும் இடையிலான விவாதம் திகதி குறிப்பதிலேயே இழுபட்டு, நடக்காமலே போனது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த நாட்களில் ஆரையம்பதியில் ஒரு தேநீர்க் கடையில் நான் பிளேன்ரீயோடு அமர்ந்திருந்தபோது, நடக்காத அந்த விவாதத்தில் வென்றவர் யார் என்பதில் பக்கத்து மேசையில் கைகலப்பு வருமோ என்று பயந்தேன். பயந்து ஓடியவர் இவரே என்று ஒருவர், இல்லை அவரே என்று மற்றவர். விவாதம் நடந்திருந்தாலும் அந்த மேசையில் ஒரு சொல்லும் மாறியிருக்காது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த ஆண்டு ஜனாதிபதித் தேர்தலில் 38 பேர் போட்டியிட்டார்கள். பெரியவர்கள் இருவரையோ மூவரையோ மட்டும் அழைத்தால், சங்குச் சின்னத்தில் நின்ற நமது மாவட்டத்தைச் சேர்ந்த முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர் பா. அரியநேத்திரன் அந்த மேசையில் இருந்திருக்கமாட்டார். அவருக்கு 2 இலட்சத்து 26 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வாக்களித்தார்கள். 38 பேரையும் அழைத்தாலோ அது விவாதமாக இராது, கலியாணப் பந்தியாகிவிடும். எவரை அழைப்பது என்ற விதி முன்கூட்டியே எழுதப்பட்டு எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். வராதவரைத் தண்டிப்பதைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.

கேள்வி: எங்கள் அப்பா வானொலியில் கேட்பதே மேல் என்கிறார். முகத்தைப் பார்த்தால் மூளை மயங்கும் என்பது அவர் வாதம். உண்மையா? (கொக்கட்டிச்சோலை)

பதில்: உங்கள் அப்பா ஒரு புகழ்பெற்ற கதையின் பக்கம் நிற்கிறார். 1960 செப்டம்பர் 26 ஆம் திகதி அமெரிக்க ஜனாதிபதி வேட்பாளர்களான கென்னடியும் நிக்சனும் சிக்காகோவில் விவாதித்தார்கள். முழங்காலில் தொற்று ஏற்பட்டு வைத்தியசாலையில் இருந்து வந்திருந்த நிக்சன் மெலிந்து வெளிறி, முகத்தில் வியர்வையோடு நின்றார். கென்னடி வெயிலில் கறுத்த ஆரோக்கியத்தோடு நின்றார். தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் கென்னடி வென்றார் என்றும், வானொலியில் கேட்டவர்கள் நிக்சன் வென்றார் என்றும் தீர்ப்பளித்ததாக அன்று முதல் சொல்லப்படுகிறது. ஆனால் அந்தக் கதை பெரிதும் தங்கியிருப்பது ஒரேயொரு சந்தை ஆய்வு நிறுவனத்தின் கணிப்பில். அதில் 2,000 க்கு மேற்பட்டோரிடம் கேட்டிருந்தாலும், வானொலியில் கேட்டவர்கள் 282 பேர் மட்டுமே. அன்றைக்கு வானொலியோடு இருந்தவர்கள் யார், அவர்களில் எத்தனை பேர் முன்னரே நிக்சன் பக்கம் இருந்தவர்கள் என்று கேட்டு, 1987 இல் இரு ஆய்வாளர்கள் அந்தக் கதையின் அத்திவாரத்தையே தோண்டினார்கள். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் மட்டும் கேட்டுவிட்டு, கிழக்கே எழுவான்கரையின் மனதைச் சொல்வது போன்றது அது என்பது என் விளக்கம்.

கதை அதோடும் முடியவில்லை. 2003 இல் வெளியான ஓர் ஆய்வில், அந்தப் பழைய விவாதத்தை முன்பின் அறியாத இளைஞர்களில் ஒரு பகுதியினருக்கு ஒளிப்பதிவாகவும், மற்றவர்களுக்கு ஒலியாக மட்டும் கொடுத்தார்கள். பார்த்தவர்கள் கேட்டவர்களைவிடக் கூடுதலாகக் கென்னடிக்கு வெற்றியைத் தந்தார்கள். ஆகவே உங்கள் அப்பாவின் சான்று பலவீனமானது, அவருடைய ஐயம் பலவீனமானதல்ல. அதே ஆய்வில், பார்த்தவர்கள் விடயங்களையும் கேட்டவர்களைவிட அதிகமாக அறிந்துகொண்டார்கள் என்பதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள். முகத்தைப் பார்த்து மயங்குபவர் பேச்சையும் கவனிக்கத்தான் செய்கிறார்.

எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த விவாதப் பார்வையாளர், விவாதத்தைப் பார்ப்பதேயில்லை. அவர் என் அக்கா, உங்கள் ஊருக்குப் பக்கத்தில் வாவிக்கு அந்தப் பக்கம் இருக்கிறார். போன தேர்தலில் ஓர் இரவு அவர் வீட்டில் நின்றேன். முன்னறையில் நாங்கள் ஆறேழு பேர் தொலைக்காட்சியைச் சுற்றி அமர்ந்திருந்தோம். அக்கா அடுப்படியில் திருவலையில் அமர்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். குரல் மட்டும் அவருக்குக் கேட்கும். சத்தம் கூடினால் துருவுவதை நிறுத்திக் காது கொடுப்பார், அடங்கினால் மீண்டும் துருவுவார். ஒரு வேட்பாளர் கையை ஓங்கி, மேசையில் அடித்து, பத்து நிமிடம் முழங்கினார். முன்னறையில் கைதட்டலே எழுந்தது, நானும் தட்டினேன். சத்தம் ஓய்ந்ததும் அடுப்படியிலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"தம்பி, நெல்லு என்ன விலைக்கு எடுப்பியள் எண்டுதானே கா அந்தப் புள்ள கேட்டது? அவரு விலைய சொன்னவரா?"

முன்னறையில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அத்தான் தொலைவியக்கியை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினார். திருவலைச் சத்தம் மறுபடியும் தொடங்கியது.